நடக்கிற எக்ஸ்போவா, முடிந்துபோன எக்ஸ்போவா? பெவிலியன் பார்க்கப் புறப்படுவோருக்கு ஓர் ஒப்பீடு

நாடுகள் தங்கள் பெவிலியன்களை, அதாவது அரங்குகளை, வைத்துக் காட்டும் உலக எக்ஸ்போ கண்காட்சி பற்றிப் பேச்செடுத்தாலே வாசகர்கள் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒன்றுதான். "கட்டடங்களைப் பார்க்கத்தான் ஆசை. எக்ஸ்போ நடக்கும்போதே போவதா, கூட்டம் இல்லாத பழைய எக்ஸ்போ ஊர்களுக்குப் போவதா? வெனிஸ் போனால் ஒரே தோட்டத்தில் எல்லா நாட்டுப் பெவிலியனும் இருக்கும் என்கிறார்களே, அது தேவலையா?" கேட்பவர்களில் கட்டடக்கலை மாணவர்களும் உண்டு, குழந்தை குட்டியோடு கிளம்ப நினைப்பவர்களும் உண்டு. எல்லாருக்கும் பொருந்துகிற ஒரே பதில் கிடையாது. எதை எதோடு எடைபோடுவது என்பதை வேண்டுமானால் பொதுவாகச் சொல்லலாம்.

அதற்கு முன் ஒரு விஷயம். எக்ஸ்போவுக்குப் போய் "பெவிலியன் பார்த்தேன்" என்று சொல்பவர்களில் பலர் உண்மையில் பார்த்தது பெவிலியனுக்குள் ஓடிய படத்தை. உள்ளே பெரும்பாலும் இருட்டறை, பெரிய திரை, நாட்டின் பெருமை பேசும் ஒரு காட்சி, கடைசியில் ஒரு கடை. கட்டடம் என்பது வெளியில்தான் இருக்கிறது. முகப்பு, நிழல் தரும் கூரை, வரிசை வளைந்து ஏறும் சாய்தளம், பக்கத்து அரங்குக்கும் இதற்கும் நடுவே விட்ட சந்து எல்லாம் அதில் சேர்த்தி. மணிக்கணக்கில் வரிசையில் நின்று உள்ளே போய்த்தான் ஆக வேண்டும் என்ற பதைப்பை விட்டுவிட்டால், கீழே வரும் கணக்குகளில் பாதி எளிதாகிவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் கட்டடத்தின் நிலை. கட்டியவர் நினைத்தபடி முழுசாக நிற்கிறதா, பாதி பிரிக்கப்பட்டதா, வேறு வேலைக்கு மாற்றப்பட்டதா, இடித்துவிட்டுத் திரும்பக் கட்டியதா? எக்ஸ்போ கட்டடங்களில் பெரும்பாலானவை ஆறு மாதம் நிற்பதற்கென்றே எழுப்பப்பட்டவை. திருவிழா முடிந்த மறுநாள் பந்தல் பிரிப்பது போலப் பிரித்துவிடுவார்கள். பிழைத்து நிற்பவை விதிவிலக்குகள்.

அடுத்தது ஒரு நாளில் எத்தனை பார்க்கலாம் என்பது. அதிலேயே இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அந்த நாளில் எவ்வளவு நேரம் வரிசையில் போகும்?

மூன்றாவது, தேதி நம் கையில் இருக்கிறதா? விடுப்பு ஜூலையில்தான் கிடைக்கும் என்பவருக்கு, அக்டோபரில் தொடங்கி மார்ச்சில் முடியும் எக்ஸ்போ எவ்வளவு நன்றாக இருந்து என்ன பயன்?

நான்காவது பணம். நுழைவுச் சீட்டின் விலையை எல்லாரும் பார்க்கிறார்கள். அறை வாடகை, கூடுதலாகத் தங்கும் இரவு, ஊர்விட்டு ஊர் போகும் ரயில், இரண்டாவது நாளுக்கான சீட்டு இவற்றைக் கணக்கில் சேர்ப்பவர்கள் குறைவு.

ஐந்தாவது உடம்பு. இதை யாரும் கேட்பதில்லை, திரும்பி வந்தபின் எல்லாரும் இதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எக்ஸ்போ திடல் என்பது நாள் முழுக்கத் திறந்தவெளியில் நடக்கிற இடம்.

## முதல் வழி: நடந்துகொண்டிருக்கும் உலக எக்ஸ்போ

பாரிஸிலுள்ள சர்வதேசக் கண்காட்சி அமைப்பு அங்கீகரிக்கும் பெரிய எக்ஸ்போ ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும். ஆறு மாதம் வரை நடக்கும். 2010இல் ஷாங்காய், 2015இல் மிலான், பெருந்தொற்றால் ஓராண்டு தள்ளி 2021 அக்டோபரில் துபாய், 2025இல் ஒசாகா. அடுத்தது ரியாத். 2030 அக்டோபர் 1 முதல் 2031 மார்ச் 31 வரை என்று அறிவித்திருக்கிறார்கள்.

கட்டடம் பார்க்க வருபவருக்கு இந்த வகையின் பெரிய பலம், நாடுகள் தங்களுக்குத் தந்த மனையில் தாங்களே கட்டிக்கொள்ளலாம் என்பது. எல்லா நாடும் கட்டுவதில்லை. ஒசாகாவில் 158 நாடுகளும் பகுதிகளும் பங்கெடுத்தன. சில சொந்தமாகக் கட்டின, சில அமைப்பாளர் கட்டிக் கொடுத்த பெட்டிக்கு அலங்காரம் செய்துகொண்டன, பல நாடுகள் ஒரு பொதுக் கூடத்தைப் பகிர்ந்துகொண்டன. வரைபடத்தைக் கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, சொந்தமாகக் கட்டியவற்றை மட்டும் குறித்துக்கொள்வது. பார்க்க வேண்டியவை சட்டென்று நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

சொந்தமாகக் கட்டுகிறவர்கள் சும்மா கட்டுவதில்லை. ஷாங்காயில் பிரிட்டன் அரங்கை தாமஸ் ஹெதர்விக் வடிவமைத்தார். 60,000 அக்ரிலிக் தண்டுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் விதைகள். காற்றடித்தால் கட்டடமே சிலிர்த்தது. ஒசாகாவில் சவூதி அரங்கு ஃபாஸ்டர் நிறுவனத்துடையது, கத்தார் கெங்கோ குமாவுடையது, பஹ்ரைன் லினா கோத்மேயுடையது. ஷிகெரு பான் காகிதக் குழாய், மூங்கில், கார்பன் இழை என மூன்று பொருளில் மூன்று குவிமாடங்களை எழுப்பியிருந்தார். இப்படி ஒரு கூட்டத்தை வேறெந்த ஊரிலும் நடந்தே பார்த்துவிட முடியாது. அதுவும் ஆறு மாதம்தான், அப்புறம் கிடையாது.

ஒசாகாவின் பெரிய வளையத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஏனென்றால் எக்ஸ்போவில் காசு கொடுத்த பலன் எங்கே கிடைக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை. சூ ஃபுஜிமோட்டோ வடிவமைத்த அந்த மர வளையத்தின் சுற்றளவு சுமார் 2 கிலோமீட்டர். உள்விளிம்பில் 12 மீட்டர் உயரம், வெளிவிளிம்பில் 20 மீட்டர். தூணில் துளையிட்டு விட்டத்தை ஊடே செலுத்திப் பூட்டும் பழைய ஜப்பானியத் தச்சு முறையை எடுத்து, இன்றைய நிலநடுக்க விதிகளுக்காக உலோகத்தால் வலுப்படுத்தியிருந்தார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தூண், விட்டம், தூண், விட்டம் என்று கண் எட்டும் தூரம்வரை ஒரே மரக்காடு. வெயிலுக்கும் மழைக்கும் எல்லாரும் ஒதுங்கியது அதன் அடியில்தான். மேலே ஏறினால் புல் வளர்த்த சரிவு, ஒரு பக்கம் கடல், மறு பக்கம் எல்லா நாட்டுக் கூரைகளும். இதற்கு முன்பதிவு கிடையாது, வரிசை கிடையாது, தனிக் கட்டணமும் கிடையாது. திடலின் மிகச் சிறந்த கட்டடம் வரிசையே இல்லாத கட்டடமாக இருந்தது. சுமார் 200 மீட்டர் நீளத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பிரிப்பது என்பதுதான் பிறகு எடுத்த முடிவு.

சரி, மறைந்திருக்கும் செலவுக்கு வருவோம். 2025இல் ஒசாகாவில் பெரியவர்களுக்கான ஒருநாள் சீட்டு 7,500 யென்னாக இருந்தது. அதை வாங்கினால் முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. நுழையும் வாசலையும் நேரத்தையும் தனியே பதிய வேண்டியிருந்தது. அரங்குகளுக்கு இரண்டு மாதம் முன்பு ஒரு குலுக்கல், ஏழு நாள் முன்பு இன்னொரு குலுக்கல், மூன்று நாள் முன்பு மிச்சத்துக்கு முந்துபவருக்கே இடம், உள்ளே நுழைந்தபின் அன்றைய பதிவு என்று அடுக்கடுக்காக இருந்தது. கடைசி வாரங்களில், வாங்கி வைத்த சீட்டுக்கு நுழைவு நேரமே கிடைக்காமல் தவித்தவர்கள் நிறையப் பேர். திடலுக்குள் ரொக்கம் செல்லவில்லை. போன்தான் வரைபடம், போன்தான் பணப்பை, போன்தான் முன்பதிவு. மதியத்துக்குள் பேட்டரி தீர்ந்தால் பாதி எக்ஸ்போ தீர்ந்தது.

போக்குவரத்தும் ஒரு செலவுதான், யென்னில் மட்டும் இல்லை. எக்ஸ்போ திடல்கள் வழக்கமாக ஊருக்கு வெளியே, ஒரே ஒரு மெட்ரோ வழியை நம்பி இருக்கும். ஒசாகாவின் யுமேஷிமா ஒரு செயற்கைத் தீவு. 2025 ஆகஸ்ட் 13 இரவு மெட்ரோவில் மின்கோளாறு ஏற்பட, சுமார் 30,000 பேர் திடலிலேயே மாட்டிக்கொண்டார்கள். மறுநாள் காலை விமானம் வைத்துக்கொண்டு முந்தின இரவு எக்ஸ்போவில் இருப்பது வேண்டாத வேலை.

இவ்வளவுக்கும் பிறகு இதுதான் சரியான வழி என்று யாரிடம் சொல்வேன்? இப்போது கட்டுகிறவர்கள் என்ன யோசிக்கிறார்கள் என்று பார்க்க விரும்புகிறவரிடம். பொருள், மூட்டு, நிழல், தற்காலிகக் கட்டுமானம் இவற்றில் ஆர்வமுள்ள மாணவரிடம். கூட்டத்தை ரசிக்கத் தெரிந்தவரிடம். முழு ஒருநாள் சீட்டு ஒன்றும், மாலைச் சீட்டு ஒன்றும் வாங்குவது என் கணக்கில் நல்ல சேர்க்கை. ஒசாகாவில் மாலைச் சீட்டு 3,700 யென்தான் இருந்தது. இருட்டியதும் முகப்புகள் விளக்கில் வேறு கட்டடங்களாகிவிடும், வெயிலும் இறங்கியிருக்கும்.

## இரண்டாவது வழி: சிறப்பு எக்ஸ்போ

இரண்டு பெரிய எக்ஸ்போவுக்கு நடுவில் வருவது சிறப்பு எக்ஸ்போ. அதிகபட்சம் மூன்று மாதம், திடல் 25 ஹெக்டேருக்குள். 2008இல் ஸ்பெயினின் ஸரகோஸா, 2012இல் தென்கொரியாவின் யோசு, 2017இல் கஜகஸ்தானின் அஸ்தானா. அடுத்தது செர்பியாவின் பெல்கிரேட், 2027 மே 15 முதல் ஆகஸ்ட் 15 வரை, விளையாட்டையும் இசையையும் மையமாக வைத்து.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. சிறப்பு எக்ஸ்போவில் நாடுகள் கட்டுவதில்லை. நடத்தும் நாடு கட்டிக் கொடுத்த கூடத்துக்குள் அவை கண்காட்சி மட்டும் வைக்கும். ஆகவே "நாட்டுக்கு நாடு கட்டடக்கலைப் போட்டி" என்ற நினைப்போடு போனால் ஒரே மாதிரிக் கூடங்களின் வரிசைதான் கண்ணில் படும். இங்கே பார்க்க வேண்டியது நடத்தும் ஊர் தனக்காகக் கட்டிக்கொண்ட ஒன்றிரண்டு பெரிய கட்டடங்களை. ஸரகோஸாவில் எப்ரோ ஆற்றின்மேல் ஸஹா ஹதீத் போட்ட பாலமே ஒரு அரங்கு. அஸ்தானாவில் 80 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கோளம்.

பலம் என்னவென்றால் அளவு. ஒரு நாளில், கால் ஒடியாமல், முழுதாகச் சுற்றிவிடலாம். குழந்தைகளும் வயதானவர்களும் கூட இருந்தால் இதை நிச்சயம் யோசிக்கலாம். ஆனால் கட்டடத்துக்காகவே கண்டம் தாண்டிப் போக வேண்டுமா என்றால், என் பதில் வேண்டாம். அந்தப் பக்கம் வேறு காரணத்துக்காகப் போகிறீர்கள் என்றால் ஒரு நாள் ஒதுக்குங்கள். அந்த ஒன்றிரண்டு முக்கியக் கட்டடங்கள் எப்படியும் எக்ஸ்போவுக்குப் பிறகும் நிற்கும் என்பதால், மூன்று மாதத்துக்குள் அடித்துப் பிடித்துப் போவதிலும் பெரிய அர்த்தமில்லை.

2027இல் யோகோஹாமாவில் மார்ச் 19 முதல் செப்டம்பர் 26 வரை நடப்பது தோட்டக்கலைக் கண்காட்சி. அதுவும் எக்ஸ்போ என்ற பெயரில்தான் வரும். செடிகொடிக்காகப் போகலாம், பெவிலியனுக்காக இல்லை.

## மூன்றாவது வழி: பழைய எக்ஸ்போ திடல்கள்

பிழைத்து நிற்பவற்றைத் தேடிப் போவது மூன்றாவது வழி. ஈபிள் கோபுரமே 1889 எக்ஸ்போவின் மிச்சம்தான், 20 ஆண்டு அனுமதியில் கட்டியது. ஆனால் கோபுரம் ஏறும் வரிசையில் நிற்பதற்கும் பெவிலியன் பார்ப்பதற்கும் சம்பந்தமில்லை, அதை விட்டுவிடலாம்.

இந்த வழியில் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது பார்சிலோனா. 1929 கண்காட்சிக்காக மீஸ் வான் டெர் ரோ கட்டிய ஜெர்மன் பெவிலியன் அடுத்த ஆண்டே பிரிக்கப்பட்டது. இன்று இருப்பது 1983க்கும் 1986க்கும் இடையில் அதே இடத்தில் திரும்பக் கட்டியது. "நகல்தானே" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. போய் நின்று பாருங்கள். சிலுவை வடிவத்தில் குரோம் பூசிய எட்டு மெல்லிய தூண்கள் கூரையைத் தாங்குகின்றன, அதனால் சுவர்களுக்குத் தாங்கும் வேலை இல்லை. நடப்பவரைத் திருப்பிவிடுவதுதான் அவற்றின் வேலை. நேராக எங்கும் போக முடியாது. ஒரு பச்சைப் பளிங்குச் சுவர் தடுக்கும், திரும்பினால் தேன் நிற ஓனிக்ஸ் கல் சுவர், அதைச் சுற்றினால் சின்னக் குளம், குளத்தில் கைகளை உயர்த்தியபடி கியோர்க் கோல்பேயின் பெண் சிலை. சிலைக்குப் பக்கத்தில் போக வழியில்லை, கண்ணாடி வழியாகவும் தண்ணீரிலும்தான் பார்க்கலாம். கவனிக்க வேண்டியது, 1929இலும் இதற்குள் காட்சிப்பொருள் எதுவும் இல்லை. ஸ்பெயின் மன்னரை வரவேற்கும் சடங்குக்காகக் கட்டியது. படம் ஓடாத பெவிலியன் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடமில்லை. ஒன்றரை மணி நேரம் தாராளம்.

மற்றவற்றின் நிலை பலவிதம். பிரஸ்ஸல்ஸின் அட்டோமியம் 1958க்காக ஆறு மாதம் நிற்கக் கட்டியது, 102 மீட்டர் உயரம், ஒன்பது கோளங்கள். 2004 முதல் 2006 வரை பழுதுபார்த்து, பழைய அலுமினியத் தகட்டுக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகு போர்த்தினார்கள். கோளத்துக்குக் கோளம் குழாய்க்குள் போகும் நகரும் படிக்கட்டில் ஏறுவதே ஒரு அனுபவம். அதே எக்ஸ்போவில் லெ கொர்பூஸியேயும் ஸெனாகிஸும் கட்டிய ஃபிலிப்ஸ் அரங்கு 1959இலேயே இடிபட்டுவிட்டது. எது நிற்கும், எது போகும் என்பதைக் கட்டடத்தின் தரம் முடிவு செய்வதில்லை என்பதற்கு இந்த ஒரு ஊரே போதும்.

மாண்ட்ரியல் 1967 எக்ஸ்போவில் பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் அமெரிக்கக் கோளம் 1976இல் தீப்பிடித்து, மேல்போர்வையான அக்ரிலிக் எரிந்து, எஃகுக் கூடு மட்டும் மிஞ்சியது. இப்போது அதற்குள் சுற்றுச்சூழல் அருங்காட்சியகம். கூடு வெறுமையாக இருப்பதால்தான் அமைப்பு தெளிவாகத் தெரிகிறது என்று எனக்குத் தோன்றும். மோஷே சஃப்டியின் ஹாபிடாட் 67இல், 354 கான்கிரீட் பெட்டிகளை அடுக்கிய அந்தக் குன்றில், மக்கள் குடியிருக்கிறார்கள். நினைத்தபோது நுழைய முடியாது, வழிகாட்டியோடு போகும் சுற்றுலா இருக்கும் மாதங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒசாகாவிலேயே 1970 திடல் இருக்கிறது, சுய்தா நகரத்தில் இப்போது பூங்கா. தாரோ ஒகாமோட்டோவின் 70 மீட்டர் சூரியக் கோபுரம் பல பத்தாண்டுகள் பூட்டிக் கிடந்து, 2018இல்தான் உள்ளே போகத் திறந்தது. உள்ளே 41 மீட்டர் உயர உயிர் மரம். முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது. அதன் நான்காவது முகம், கீழே வைத்திருந்த பாதாளச் சூரியன், எக்ஸ்போவுக்குப் பிறகு காணாமலே போய்விட்டது. இப்போது இருப்பது புதிதாகச் செய்தது.

லிஸ்பனில் 1998க்காக அல்வரோ சிஸா கட்டிய போர்ச்சுகல் அரங்கின் கூரை, காசில்லாமல் பார்க்கக் கிடைக்கும் அதிசயம். 65 மீட்டர் நீளத்துக்கு, 20 சென்டிமீட்டர் மட்டுமே தடிமனான கான்கிரீட், துணி தொய்ந்தது போல இரண்டு முனைக்கு நடுவே தொங்குகிறது. ஓரத்தில் கான்கிரீட் நின்றுபோய், வெறும் எஃகு வடங்கள் தெரியும். அந்த இடைவெளியில் வெயில் கோடு கோடாக விழும். பக்கத்திலேயே அதே ஆண்டின் பெரிய மீன்காட்சியகம், கலத்ராவாவின் ஓரியன்ட் ரயில் நிலையம். ஒரே நடையில் மூன்றும். பழைய திடல்களில் "ஒரு நாளில் பல" என்ற தேர்வில் பாஸாகும் இடம் என்றால் லிஸ்பன்தான். துபாயையும் சேர்க்கலாம். அல் வஸ்ல் குவிமாடம், கிரிம்ஷாவின் டெர்ரா, ஃபாஸ்டரின் அலிஃப் எல்லாம் எக்ஸ்போ சிட்டி என்ற பெயரில் அங்கேயே நிற்கின்றன.

இந்த வழியின் மறைமுகச் செலவு பயணம். ஒரு ஊருக்கு ஒரு கட்டடம், இரண்டு கட்டடம் என்பதால் ஒரு கட்டடத்துக்கான செலவு என்று வகுத்தால் இதுதான் மிக அதிகம். தனியாக இதற்கென்று போகாமல், எப்படியும் போகிற ஊரில் ஒரு அரைநாளாகச் செருகிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். இன்னொன்று, உள்ளே வேலை மாறியிருக்கும். ஷாங்காயின் சீன அரங்கு 2012 முதல் கலை அருங்காட்சியகம். மாண்ட்ரியலின் பிரான்ஸ் அரங்கு சூதாட்டக் கூடம். பழுதுபார்ப்பு என்று ஆண்டுக்கணக்கில் மூடியும் வைப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பதே போதும் என்பவருக்கு இது குறையில்லை.

எக்ஸ்போ முடிந்ததும் வேறு ஊருக்குக் குடிபோன அரங்குகளும் உண்டு. மிலான் 2015இல் பிரிட்டன் கட்டிய தேன்கூடு அரங்கு, 17 மீட்டர் உயரம், சுமார் 1,70,000 அலுமினியத் துண்டுகள், இப்போது லண்டனின் கியூ தாவரத் தோட்டத்தில். அங்குள்ள உண்மையான தேன்கூட்டில் நடக்கும் சலசலப்புக்கு ஏற்ப விளக்குகள் கூடிக் குறையும். மிலானில் அதைப் பார்க்க முண்டியடித்தார்கள். கியூவில் புல்தரையில் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கலாம்.

## நான்காவது வழி: வெனிஸ் தோட்டம்

கலைக்கும் கட்டடக்கலைக்கும் ஆண்டு மாற்றி ஆண்டு நடக்கும் கண்காட்சியான வெனிஸ் பியென்னாலே எக்ஸ்போ இல்லைதான். ஆனால் "நாட்டுக்கு ஒரு பெவிலியன்" என்ற எண்ணம் நிலையாக, மரநிழலில், ஒன்றுக்கொன்று எட்டுகிற தூரத்தில் கிடைப்பது ஜார்தினி தோட்டத்தில்தான். 1907இல் பெல்ஜியம் தொடங்கி வைத்தது, இன்று முப்பதையொட்டிய எண்ணிக்கை. ஜோசப் ஹோஃப்மானின் ஆஸ்திரியா (1934), ரீட்வெல்டின் நெதர்லாந்து (1954), ஆல்வர் ஆல்டோவின் பின்லாந்து, கார்லோ ஸ்கார்ப்பாவின் வெனிசுவேலா என்று கட்டடக்கலைப் பாடப்புத்தகத்தின் பாதி ஒரு தோட்டத்துக்குள். ஸ்வெர்ரே ஃபென் 1962இல் முடித்த நார்டிக் அரங்கில் மரங்கள் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகின்றன. மரத்தை வெட்டவில்லை, அதற்கு வழிவிட்டுப் பெரிய விட்டமே இரண்டாகப் பிரிந்து போகிறது. மேலே இரண்டு அடுக்கு மெல்லிய கான்கிரீட் பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் இத்தாலிய வெயில் நேராக உள்ளே விழாது, நிழல் விழாத ஒரு சாந்தமான வெளிச்சமாக இறங்கும். வெளியே ஆகஸ்ட் வெயிலில் நின்றுவிட்டு உள்ளே நுழைந்தால் வேறு நாட்டுக்குள் வந்த மாதிரிதான் இருக்கும்.

இரட்டைப்படை ஆண்டுகளில் கட்டடக்கலை, ஒற்றைப்படை ஆண்டுகளில் கலை என்று பலர் மாற்றி நினைத்துக்கொள்கிறார்கள். இப்போதைய வழக்கம் நேர் எதிர்: ஒற்றைப்படை ஆண்டில் கட்டடக்கலை, இரட்டைப்படையில் கலை. கட்டடத்துக்காகப் போகிறவருக்கு இது நினைப்பதைவிடக் குறைவாகவே முக்கியம், பெவிலியன்கள் இரண்டு ஆண்டும் அதேதான். சொல்லப்போனால் இரண்டிலும் உள்ள சிக்கல் ஒன்றே. சில ஆண்டுகளில் காட்சிக்காகச் சுவரை மூடி, ஜன்னலை அடைத்து, கட்டடத்தையே மறைத்துவிடுவார்கள். உங்களுக்கு வேண்டிய அரங்கு அந்த ஆண்டு எப்படி இருக்கிறது என்று படங்களைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் நல்லது.

வரிசை இங்கே தாங்கக்கூடியது. தொடக்க வாரத்தைத் தவிர்த்தால் பெரும்பாலான அரங்குகளுக்குள் நேராக நடந்து போய்விடலாம். ஒரே சீட்டில் ஜார்தினிக்கும், இன்னொரு காட்சியிடமான ஆர்செனாலேவுக்கும் தலா ஒருமுறை, வெவ்வேறு நாளில்கூடப் போகலாம் என்பதால் அவசரமும் இல்லை. திங்கட்கிழமை பெரும்பாலும் மூடியிருக்கும், அதை மறந்து ஞாயிறு இரவு வந்து இறங்குகிறவர்கள் உண்டு. செலவு ஊரில்தான் இருக்கிறது. அறை வாடகை, படகுக் கட்டணம், 2024 முதல் குறிப்பிட்ட நாட்களில் பகல் பயணிகளுக்கு வசூலிக்கும் நுழைவுக் கட்டணம். இரவு தங்குபவர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை. நிலப்பகுதியான மெஸ்த்ரேயில் தங்கினால் வாடகையில் மிச்சமாகும்.

## ஒரே பார்வையில்

| | உலக எக்ஸ்போ | சிறப்பு எக்ஸ்போ | பழைய திடல் | வெனிஸ் |
|---|---|---|---|---|
| கட்டடத்தின் நிலை | புத்தம் புதிது, முழுசு | ஒன்றிரண்டு மட்டுமே விசேஷம் | மிச்சம், மாற்றம் அல்லது மறுகட்டுமானம் | முழுசு, சில நேரம் காட்சி மறைக்கும் |
| ஒரு நாளில் | வெளியிலிருந்து ஏராளம், உள்ளே சில | முழுத் திடலும் | ஒன்று முதல் மூன்று | தோட்டம் முழுவதும் |
| வரிசை | கடுமை | நடுத்தரம் | குறைவு | குறைவு |
| தேதி | ஆறு மாதம், ஐந்தாண்டுக்கு ஒருமுறை | மூன்று மாதம் வரை | எப்போதும் | ஆண்டுதோறும், மே முதல் நவம்பர் வரை |
| எதிர்பாராத செலவு | இரண்டாம் நாள் சீட்டு, ஏறிய வாடகை | அவ்வளவு தூரம் போவதே | ஊர்விட்டு ஊர் பயணம் | தங்கும் அறை |

லண்டனில் கோடைக்காலத்தில் இருப்பவர்களுக்கு இதில் சேராத ஒன்று: கென்சிங்டன் தோட்டத்தில் செர்பன்டைன் பெவிலியன். 2000இல் ஸஹா ஹதீத் தொடங்கி வைத்தது, பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருவர் புதிதாக வடிவமைப்பார், அனுமதி இலவசம். ஒரே ஒரு கட்டடம்தான், ஆனால் மணிக்கணக்கில் அதில் உட்காரலாம்.

## நடக்கும் எக்ஸ்போ என்று முடிவெடுத்தால், எந்த மாதம்?

இந்த ஒரு கேள்வியில்தான் தவறினால் பெரிய வித்தியாசம் வருகிறது.

தொடக்க வாரங்களில் கூட்டம் குறைவு, ஆனால் சில அரங்குகள் முடிந்திருக்காது. இது எல்லா எக்ஸ்போவிலும் நடக்கிற கதை. சாரம் கட்டிய முகப்பைப் பார்ப்பதில் ஆர்வமுள்ளவருக்கு அது நல்ல காலமும்கூட. கடைசி மாதம் நேர் எதிர். எல்லாம் திறந்திருக்கும், ஊரே திரண்டு வந்திருக்கும். ஷாங்காயில் மொத்தம் 7.3 கோடிப் பேர் வந்தார்கள். அதில் ஒரே நாளில் 10 லட்சத்தைத் தாண்டியது அக்டோபர் 16, முடிவதற்கு இரண்டே வாரம் முன்பு. 1970 ஒசாகாவிலும் உச்சம் செப்டம்பர் 5, முடிய ஒரு வாரம் இருக்கும்போது. "கடைசியில் போய்க்கொள்ளலாம்" என்று எல்லாரும் நினைப்பதன் விளைவு அது.

ஆக, தொடங்கி ஐந்தாறு வாரம் கழிந்து, பள்ளி விடுமுறை வருவதற்கு முன்னால் உள்ள வாரநாட்கள்தான் இடம். ஏப்ரலில் தொடங்கும் எக்ஸ்போ என்றால் மே பிற்பாதியும் ஜூன் தொடக்கமும். ரியாத் போல அக்டோபரில் தொடங்குவது என்றால் நவம்பர் பிற்பாதி, இரவுகள் குளிரத் தொடங்கியிருக்கும். வார இறுதியையும் அந்தந்த நாட்டின் தேசிய நாளையும் தவிருங்கள். தேசிய நாளில் அந்த நாட்டு அரங்கில் ஆட்டம் பாட்டம் எல்லாம் இருக்கும், கட்டடத்தைப் பார்க்க விடமாட்டார்கள்.

முதல் நாள் காலையில் எந்த வரிசையிலும் நிற்காமல் திடலை ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். சொந்தமாகக் கட்டியவற்றை வெளியிலிருந்து பார்த்து, உள்ளே போயே ஆக வேண்டும் என்று தோன்றுகிற மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வெளித்தோற்றத்தில் கூடம் தெரிகிற, உள்ளே வெளிச்சம் விழுகிற, முற்றமோ மேல்தளமோ இருக்கிற அரங்குகளுக்கு வரிசையில் நிற்கலாம். ஜன்னலே இல்லாத பெட்டி, வாசலில் பெரிய திரை, கதவு திறக்கும்போது இருட்டு என்றால் அது படம். படத்தை இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். பிரபலமான அரங்கின் முன்பு போட்டிருக்கும் காத்திருப்பு நேரப் பலகையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால், அந்த நேரத்தில் வெளியிலிருந்து பத்து அரங்கைச் சுற்றி நடந்து வந்துவிடலாம் என்பதையும் ஒருமுறை கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.